இரண்டு வயலுக்கு ஒரு வயல்

பெரியவர்களும் கேளுங்கள், சிறியவர்களும் கேளுங்கள். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு சின்ன நாடு இருந்த காலத்தில் நடந்தது இது. அந்த நாட்டை நெடுங்கோ வேள் என்ற அரசன் ஆண்டான். அவனுக்குப் பெரிய கோட்டை கிடையாது, பெரிய படை கிடையாது, பெரிய பெயரும் கிடையாது. ஆனால் பொழுது சாய்ந்தால் அவன் நாட்டில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

ஆற்றுக்குக் கருமணலாறு என்று பெயர். அதன் கரையில் மேலைவயல், கீழைவயல் என்று இரண்டு ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒரு வயல். நான்கு பக்கமும் ஒரே நீளம், நான்கு மூலையும் நேர்மூலை. பாய் விரித்தது போலச் சதுரமாகக் கிடக்கும். அதைத்தான் ஊரார் பங்கு போட்டு உழுதார்கள். மேலைவயலாரின் சதுரம் பெரிது, கீழைவயலாருடையது கொஞ்சம் சிறிது.

வரப்பு மழையில் கரையும் அல்லவா? அதனால் ஊருக்கு ஒரு நார்க்கயிறு வைத்திருந்தார்கள். வயலின் ஒரு பக்கம் எவ்வளவோ, கயிறும் அவ்வளவு. மழை நின்றதும் அந்தக் கயிற்றைப் பிடித்து வரப்பை மறுபடி போடுவார்கள்.

அந்த வயல்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குளிர்கிறது. களையெடுக்கும் நாளில் மேலைவயல் பெண்கள் பாட்டின் முதல் அடியைப் பாடுவார்கள். கீழைவயல் பெண்கள் அங்கிருந்தே அடுத்த அடியைப் பாடுவார்கள். நடுவில் நிற்கும் கொக்கு எந்தப் பக்கம் பறப்பது என்று தெரியாமல் நிற்கும். கதிர் முற்றும் காலத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இரண்டு ஊருக்கும் நெல் மணக்கும். அறுப்பு முடிந்த தாளில் மாடுகள் மேயும்போது, அவற்றின் கழுத்துமணி ஓசைக்கே குழந்தைகள் தூங்கிப்போகும்.

ஒரு கார்காலத்தில் எல்லாம் போயிற்று.

மலையில் பெய்த மழை ஆற்றில் அடங்கவில்லை. ஆறு தன் பழைய தடத்தை விட்டு விலகி, இரண்டு வயலின் மேலும் புதுத் தடம் போட்டது. ஊரார் அந்த நார்க்கயிறுகளை மரத்தில் கட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டே மேட்டில் ஏறினார்கள். ஆள் சேதம் இல்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், வயல் இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கையில் மிஞ்சியது அந்த இரண்டு கயிறுகள்தான்.

இரண்டு ஊராரும் மலையடிவாரத்தில் குடிசை போட்டு ஒரே ஊராக இருக்கத் தொடங்கினார்கள். அங்கே முன்பிருந்தே ஆயர்கள் இருந்தார்கள். ஆயர் தலைவன் பெயர் கொன்றையன். அதிகம் பேசாதவன். வெள்ளம் வந்த நாள் முதல் அவன் வீட்டுப் பால் குடத்தில் பாதி இவர்களின் பிள்ளைகளுக்குத்தான் போயிற்று.

உழவர்கள் மூன்று முறை அரசனிடம் போனார்கள். முதல் முறை உண்ண நெல் கேட்டார்கள், கொடுத்தான். இரண்டாம் முறை உழ மாடு கேட்டார்கள், கொடுத்தான். மூன்றாம் முறை நிலம் கேட்டார்கள். அரசன் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டான்.

ஏனென்றால் அந்த நாட்டில் ஓடைநீர் பாயும் சமநிலம் இன்னும் ஒன்றுதான் மிச்சம். அது ஆயர்களின் மேய்ச்சல் புல்வெளி.

அரசன் கொன்றையனைக் கூப்பிட்டுக் கேட்டான். கொன்றையன் சற்று யோசித்தான். அவர்கள் இழந்தது எவ்வளவோ அவ்வளவு எடுத்துக்கொள்ளட்டும், அதற்கு மேல் வேண்டாம் என்றான். உழவர்களும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். இரண்டு ஊரும் ஒன்றாகிவிட்டதால் இனி இரண்டு வயல் வேண்டாம், இரண்டுக்கும் சமமாக ஒரே சதுர வயல் போதும் என்றார்கள். ஓடையிலிருந்து ஒரே வாய்க்கால்தான் வெட்ட முடியும் என்பதால் அதுவே எல்லாருக்கும் நல்லதாகப் பட்டது.

சரி, அந்த ஒரு சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கீழைவயலின் தலைவர் கழனியான் என்ற பெரியவர். அவர் இரண்டு கைகளையும் அகல விரித்து, எங்கள் வயலின் இந்த வரப்பில் நின்றால் அந்த வரப்பு கண்ணுக்கே தெரியாது என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் மனதில் வயல் அப்படித்தான் இருந்தது.

மேலைவயலுக்குத் தலைவி செருந்தி. கணவன் இறந்த பிறகு ஊர் கூடி அவளைத் தலைமைக்கு வைத்திருந்தது. பேச்சில் அவளை வெல்ல ஆள் கிடையாது. அவள் இரண்டு கயிறுகளையும் அரசன் முன் வைத்தாள். ஒன்றின் நுனியை மற்றதன் நுனியோடு முடிந்தாள்.

“வேளே, இது எங்கள் வயலின் நீளம். இது அவர்கள் வயலின் நீளம். இரண்டும் சேர்ந்தால் இந்த நீளம். இதைப் பக்கமாக வைத்து ஒரு சதுரம் கட்டினால், அது இரண்டு வயலும் சேர்ந்ததுதானே?”

கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அரசன் தலையசைத்தான். மந்திரிகள் தலையசைத்தார்கள். கொன்றையனுக்கு மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. ஆணை பிறந்தது.

முடிந்த கயிற்றைப் பிடித்து நான்கு மூலையிலும் முளை அடித்தார்கள். உழவர்கள் அதற்குள் நடந்து பார்த்தார்கள். நடக்க நடக்க அவர்கள் முகம் மலர்ந்தது. பங்கும் போட்டார்கள். செருந்திக்கு ஒரு மூலையில் பங்கு விழுந்தது. அந்த மூலையில்தான் கோடையிலும் வற்றாத ஊற்று இருந்தது. இத்தனை நாள் ஆயர்களின் மாடுகள் நீர் குடித்த ஊற்று அது.

உழவு தொடங்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது கொன்றையன் வந்தான். கூடவே அவன் மாடுகளும் வந்து முளைக்கு வெளியே நின்றன. நிற்கக்கூட இடம் போதாமல் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன.

அவன் சண்டைக்கு வரவில்லை. செருந்தியின் முன் கைகட்டி நின்றான்.

“தாயே, எனக்குக் கணக்குத் தெரியாது. வெள்ளத்துக்கு முன்னால் உங்கள் வயலோரமாக எத்தனையோ முறை மாடு ஓட்டிப் போயிருக்கிறேன். அவை இவ்வளவு பெரிதாக என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. ஆனால் கண் ஏமாற்றலாம். உன் வயலும் அவர் வயலும் சேர்ந்தால் இவ்வளவுதான் என்று நீ சத்தியம் செய். நான் மாடுகளை ஓட்டிக்கொண்டு வேறு நாடு போய்விடுகிறேன்.”

செருந்தி வாயைத் திறந்தாள். அளந்து பார்க்காததற்குச் சத்தியம் வரவில்லை. நாளைக் காலை இதே இடத்தில் உனக்குக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

காட்டிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். தான் சொன்னது சரி என்பதில் அவளுக்கு அப்போதும் ஐயம் இல்லை. வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, இரண்டு கயிறுகளையும் பிரித்து எடுத்தாள். ஒன்றைப் பாதியாக மடித்தாள், அதைப் பாதியாக மடித்தாள், மறுபடி மறுபடி பாதியாக மடித்தாள். மற்றதையும் அதே போல மடித்தாள். இரண்டும் கைக்கு அடங்கும் அளவுக்கு வந்தன. அந்தச் சின்ன அளவுகளைக் கூட்டி, அந்த நீளத்துக்கு ஒரு கோரைப்பாயைச் சதுரமாக வெட்டினாள். அதுதான் முளை அடித்த புது வயல்.

பிறகு அந்தப் பாயின் ஒரு மூலையில் மேலைவயலைக் கரியால் சதுரமாக வரைந்தாள். அதற்கு எதிர்மூலையில் கீழைவயலை வரைந்தாள். இரண்டும் பாயின் நடுவில் மூலையோடு மூலை தொட்டு நின்றன.

அவள் கை அப்படியே நின்றுபோயிற்று.

இரண்டு வயலும் உள்ளே வந்துவிட்டன. இன்னும் இரண்டு நீளப் பட்டைகள் மிஞ்சிக் கிடந்தன. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று. அவை மேலைவயலும் இல்லை, கீழைவயலும் இல்லை. அப்படியானால் யாருடையவை?

அவளுக்கு விடை தெரிந்தது.

பட்டை இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டாள். ஆனால் மிஞ்சியது ஒரு சதுரமாக இல்லையே. மூலையில் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு சதுரம்தானே? இரண்டுக்கும் சமமான ஒரே சதுரம் எது? அவள் எதையெதையோ செய்து பார்த்தாள். கடைசியில் ஒவ்வொரு பட்டையையும் மூலைக்கு மூலை குறுக்கே வெட்டினாள். நான்கு முக்கோணங்கள் கிடைத்தன. நான்கும் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு நேர்மூலை இருந்தது. அந்த மூலையின் ஒரு பக்கம் பெரிய கயிற்றின் அளவு, மறுபக்கம் சின்னக் கயிற்றின் அளவு.

முதல் பாயின் அளவுக்கே இன்னொரு பாயை எடுத்து விரித்தாள். அதன் நான்கு மூலையிலும் மூலைக்கு ஒரு முக்கோணம் வைத்தாள். ஒன்றின் நீளப் பக்கம் முடியும் இடத்தில் அடுத்ததன் குட்டைப் பக்கம் தொடங்கியது. பாயின் நான்கு ஓரமும் சரியாக நிறைந்தது. நடுவில் ஒரு வெற்றிடம். கொஞ்சம் சாய்ந்தாற்போல, ஆனால் நான்கு பக்கமும் ஒரே நீளமாக, நான்கு மூலையும் நேர்மூலையாக.

ஒரு சதுரம்!

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் அதே அளவு. எடுத்த நான்கு துண்டும் அதே துண்டு. முதல் பாயில் நான்கு துண்டு போக மிஞ்சியது இரண்டு வயல். இரண்டாம் பாயில் அதே நான்கு துண்டு போக மிஞ்சியது இந்த ஒரு சதுரம். அப்படியானால் இரண்டு வயலும் சேர்ந்ததுதான் இந்தச் சாய்ந்த சதுரம். ஒரு பிடி கூடவும் இல்லை, ஒரு பிடி குறைவும் இல்லை.

அதன் பக்கம் எவ்வளவு? அதுவும் கண்ணெதிரே இருந்தது. இரண்டு கயிறுகளையும் ஒரு நேர்மூலையில் வைத்து, ஒன்றின் நுனியிலிருந்து மற்றதன் நுனிக்குக் குறுக்கே மூன்றாவது கயிறு இழுத்தால் எவ்வளவோ, அவ்வளவு.

அந்த நான்கு முக்கோணங்களில் ஒன்றைத்தான் அவள் கை தொட்டுக்கொண்டிருந்தது. ஊற்று இருந்த மூலை. அவள் பங்கு விழுந்த மூலை.

முதலில் கழனியானிடம் போய்ச் சொன்னாள். பாயை விரித்து, துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். கிழவர் புரிந்துகொண்டார். புரிந்ததால்தான் அவருக்குக் கோபம் வந்தது. அரசன் ஆணை கொடுத்தாயிற்று, முளை அடித்தாயிற்று, பங்கும் போட்டாயிற்று என்றார். ஆறு நம்மிடமிருந்து எடுத்தபோது அளந்தா எடுத்தது என்று கேட்டார். பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

“செருந்தி, என் அப்பன் உழுத மண் அது. கண்ணை மூடினால் அந்த வரப்பில்தான் நடக்கிறேன். நடந்துகொண்டே இருக்கிறேன், முடியவே இல்லை. அவ்வளவு பெரிய வயலை இந்தச் சின்னச் சதுரத்தில் அடக்கச் சொல்கிறாயே.”

செருந்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் அப்படித்தான் அண்ணா. நினைக்க நினைக்க அது பெரிதாகிக்கொண்டே போகிறது. நம் துக்கத்துக்கு அளவு கிடையாது, அது எவ்வளவு வேண்டுமானாலும் வளரட்டும். ஆனால் வயலுக்கு அளவு இருந்தது. நாம் கேட்டது வயலைத்தானே?”

அவள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தபோது கழனியான் தடுக்கவில்லை.

மறுநாள் காலை அரசன், உழவர், ஆயர் எல்லாரும் புல்வெளியில் கூடினார்கள். செருந்தி எல்லார் முன்னாலும், நான் சொன்னது தவறு என்றாள். பாய்களை விரித்துக் காட்டினாள். உழவர்கள் நடுவில் முணுமுணுப்பு எழுந்தது. சிலர் அவளைப் பெயர் சொல்லியே திட்டினார்கள். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அரசன் எளிதில் நம்பவில்லை. இந்த இரண்டு கயிற்றுக்கு மட்டும் தற்செயலாக இப்படி அமைந்ததோ என்று ஐயப்பட்டான். மூன்று முறை சோதித்தான்.

முதலில் தன் வில்லையும் அம்பையும் கொடுத்தான். அவற்றின் நீளத்துக்குப் பாய் வெட்டி, துண்டுகளை மாற்றி வைத்தாள். நடுவில் சாய்ந்த சதுரம் வந்தது. அடுத்து கொன்றையனின் கோலையும் அவன் குழலையும் வாங்கிக் கொடுத்தான். ஒன்று மிக நீளம், ஒன்று மிகக் குட்டை. அப்போதும் வந்தது. கடைசியில் ஒரே நீளமாக இரண்டு குச்சிகளை ஒடித்துக் கொடுத்தான். அப்போதும் அது வந்தது.

முக்கோணத்தில் நேர்மூலை ஒன்று இருந்தால் போதும். பக்கம் எவ்வளவானாலும் சரி. அந்த மூலையின் இரண்டு பக்கங்களின் மேலும் கட்டிய சதுரங்கள் இரண்டும் சேர்ந்து, எதிரே குறுக்காக ஓடும் பக்கத்தின் மேல் கட்டிய சதுரத்துக்குச் சமம். பின்னாளில் வேறு வேறு நாடுகளில் வேறு வேறு பேர் இதைக் கண்டு சொல்லியிருக்கிறார்கள். நம் கதையில் கண்டவள் செருந்தி.

அரசன் அவளைக் கேட்டான். “உன் பேச்சால் நீயே வென்றாய். யாரும் உன்னை மறுக்கவில்லை. வென்றதை ஏனம்மா நீயே கலைக்கிறாய்?”

“வேளே, ஆறு எங்கள் வயலை எடுத்தது. அதற்கு மனம் கிடையாது. எனக்கு இருக்கிறது.”

பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

இரண்டு கயிறுகளையும் நேர்மூலையில் பிடித்து, குறுக்கே புதுக் கயிறு இழுத்தார்கள். பழைய முளைகளுக்கு உள்ளேயே, கொஞ்சம் சாய்ந்தாற்போலப் புது வயல் அமைந்தது. நான்கு மூலைகளும் ஆயர்களுக்குத் திரும்பின. ஊற்று அவர்களுக்கே போயிற்று. கொன்றையன் வந்து ஊற்றருகே குனிந்து ஒரு கை நீர் குடித்தான். அன்று மாலை உழவர் குடிசைகளுக்குப் பால் வந்தது. வழக்கம் போல, பாதிக் குடம்.

ஆனாலும் உழவர்களுக்கு மனக்குறை தீரவில்லை. வயல் சிறிது, வயல் சிறிது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உழுதபோதும் சொன்னார்கள், பரம்படித்து மண்ணைச் சமன் செய்தபோதும் சொன்னார்கள், விதைக்கும் நாள் வந்தபோதும் சொன்னார்கள்.

விதைத்தவர் கழனியான். பழைய நாளில் கீழைவயலுக்கு எத்தனை கூடை விதை, மேலைவயலுக்கு எத்தனை கூடை என்று இரண்டு ஊராருக்கும் தெரியும். அத்தனை கூடையும் கொண்டுவந்து வைத்தார்கள். இது எங்கே கொள்ளப்போகிறது, பாதி மிஞ்சும் என்றார் கிழவர். இடுப்பில் கூடையை வைத்து, பழைய நடையில் நடந்து, பழைய வீச்சில் வீசினார். கைக்கு வயது ஆகியிருந்தது, ஆனால் வீச்சு மறக்கவில்லை. ஒரு கூடை தீர்ந்தது, அடுத்தது தீர்ந்தது. வெயில் ஏறியது, வெயில் சாய்ந்தது. கடைசிக் கூடையின் கடைசிப் பிடியை வீசியபோது அவர் கால் வரப்பில் முட்டியது.

அவர் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு மணி இல்லை. வயலைத் திரும்பிப் பார்த்தார். விதை விழாத இடம் இல்லை.

கழனியான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளத்தன்று அழாதவர், அன்று வாய்விட்டு அழுதார். செருந்தி ஓடிவந்தாள். ஊரார் சுற்றி நின்றார்கள். அவர் ஈரமண்ணைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார்:

“இவ்வளவுதான் இருந்தது. இவ்வளவும் இருந்தது.”

அந்த ஆண்டு பயிர் செழித்தது. நடுவில் உழவர்களின் வயல் பச்சையாக நிற்க, நான்கு மூலையிலும் ஆயர்களின் மாடுகள் மேய்ந்தன. பெண்கள் பாட்டின் முதல் அடியை வயலில் பாடினார்கள். அடுத்த அடி புல்வெளியிலிருந்து குழலில் வந்தது.

அந்த நாடு இன்று இல்லை. கருமணலாறு மறுபடியும் தடம் மாறியதாம். அந்தப் பாட்டும் யாருக்கும் முழுதாக நினைவில்லை. நேர்மூலை உள்ள முக்கோணம் எங்கே வரைந்தாலும், செருந்தி கண்டது மட்டும் அன்றுபோலவே இருக்கிறது.

கேட்டவர்களே, இழந்தது எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், அதற்கு ஈடாகப் பிறருடையதில் அளவுக்கு மேல் ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.